நிரை மாறாத கணக்கு

(ஏலப்பாறைப் பகுதிக் கற்போருக்கான பேச்சு)

 

இன்றைய பேச்சு அட்டவணை பற்றியது. அட்டவணை என்பது புதிய சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அது புதிய பொருள் இல்லை. நம் வீட்டுச் சுவரிலேயே ஓர் அட்டவணை தொங்குகிறது. அதுதான் மாதக் காலண்டர்.

காலண்டரை நினைத்துப் பாருங்கள். மேலே ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஏழு கிழமைகள் இருக்கும். அது தலைப்பு. அதற்குக் கீழே தேதிகள் இருக்கும். குறுக்கே படித்தால் ஒரு வாரம். மேலிருந்து கீழே படித்தால் ஒரே கிழமை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஏன் சிவப்பு? அழகுக்காகவா? இல்லை. விடுமுறை நாள் தேடாமலே கண்ணில் பட வேண்டும். அதற்காகத்தான் சிவப்பு. எழுத்துத் தெரியாதவர் கூட அந்தச் சிவப்பை வைத்து ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்து விடுவார்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் நிறம் போடுவதும், கோடு போடுவதும், எழுத்தைத் தடிமனாக்குவதும் அலங்காரம் இல்லை. கண்ணுக்கு வழி காட்டும் வேலை அது.

நிரையும் நிரலும்

தேயிலைக் காட்டில் வேலை செய்பவருக்கு நிரை என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வரிசைச் செடி ஒரு நிரை. ஒருவருக்கு ஒரு நிரை. அவரவர் நிரையில் அவரவர் கொழுந்து எடுக்க வேண்டும். நிரை மாறினால் சண்டை வரும்.

தமிழ்க் கணக்குப் புத்தகத்திலும் இதே சொல் இருக்கிறது. அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகும் வரிசைக்கு நிரை என்று பெயர். மேலிருந்து கீழாக வரும் வரிசைக்கு நிரல் என்று பெயர். நிரையும் நிரலும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில்தான் எண் இருக்கும்.

அட்டவணை மிகப் பழைய அறிவு. இன்றைய இராக் நாட்டுப் பகுதியில் களிமண் பலகை ஒன்று கிடைத்தது. அது ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அதில் 4 நிரல்களும் 15 நிரைகளும் இருக்கின்றன. ஒவ்வொரு நிரலுக்கும் மேலே தலைப்பு இருக்கிறது. நிறைய எண்கள். அந்தப் பலகை இப்போது அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. காகிதம் வருவதற்கு முன்பே மனிதன் கட்டம் கட்டிக் கணக்கு எழுதினான். தேயிலையைப் போலவே கணக்கிலும் நிரை மாறக் கூடாது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

அயல்கூட்டத்துக் கணக்கு

கேரளத்தில் குடும்பஸ்ரீ திட்டம் 1998-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி மலப்புறத்தில் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம் அமைக்கிறார்கள். வாரம் ஒரு முறை கூடுகிறார்கள். சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். சேமித்த பணத்தில் இருந்து கடன் எடுக்கிறார்கள். தவணையாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். இதற்கெல்லாம் கணக்கு வேண்டும். கணக்குக்கு அட்டவணை வேண்டும்.

இப்போது ஒரு கதை கேளுங்கள். நடந்த கதை இல்லை. ஆனால் எந்த லயத்திலும் நடக்கக் கூடிய கதை.

ஏலப்பாறைப் பக்கம் ஒரு லயத்தில் ஓர் அயல்கூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஏழாம் வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். முப்பது ஆண்டு தேயிலைக் காட்டில் உழைத்து ஓய்வு பெற்றவர். வயதான பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். கூட்டத்தின் செயலாளர் அவரைவிட வயதில் மிகவும் இளையவர்.

செயலாளரின் மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, இந்த நோட்டுக் கணக்கை நான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன். அழகாக இருக்கும்."

அடித்தாள். காகிதமும் வந்தது. அந்த வாரக் கூட்டத்தில் செயலாளர் அதைக் கையில் எடுத்து வாசித்தார். மழை மேகம். விளக்கு வெளிச்சம் போதவில்லை. ஒவ்வொரு வீடாக வாசித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"பெரியம்மா, நீங்க இந்த வாரம் கடன் தவணை கட்டலையே?"

பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ன தாயி சொல்ற? இருநூத்தி அம்பது ரூபாய் உன் கையிலதானே கொடுத்தேன்? முப்பது வருஷம் மஸ்டருக்கு நின்னவ நான். ஒருத்தர் காசும் எனக்கு வேண்டாம். என் காசும் போக வேண்டாம்."

பேச்சு முற்றியது. அப்போது செயலாளரின் மகள் ஓர் அடிக்கோலை எடுத்து வந்தாள். காகிதத்தில் 7 என்ற எண்ணுக்குக் கீழே அதை வைத்தாள். குறுக்கே பார்த்தாள். 250 என்று தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த நிரையில், எட்டாம் வீட்டுக்கு, 0 என்று இருந்தது. எட்டாம் வீட்டுக்காரர் அப்போது கடனே வாங்கவில்லை.

செயலாளரின் கண் ஏழாம் நிரையில் தொடங்கி எட்டாம் நிரையில் போய் முடிந்திருக்கிறது. பொய் யாரும் சொல்லவில்லை. கணக்கும் தப்பில்லை. கண் நிரை மாறிவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு மூதாட்டியின் மானம் பன்னிரண்டு பேர் முன்னால் போகப் பார்த்தது.

காகிதத்தில் என்ன குறை?

அந்தப் பெண் கட்டம் போடவில்லை. ஓர் எண்ணை அடித்தாள். இடைவெளி விடும் பட்டனைப் பல முறை தட்டினாள். அடுத்த எண்ணை அடித்தாள். திரையில் நேராகத் தெரிந்தது. அச்சில் கோணலாக வந்தது. தலைப்பு ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். கோடும் இல்லை. நிறமும் இல்லை. படிப்பவர் எதைப் பிடித்துக்கொண்டு குறுக்கே போவார்?

மறுநாள் அவள் மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை உண்மையான கட்டம் போட்டாள். கம்ப்யூட்டரில் கடிதம் எழுத வேர்ட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதில் மேலே 'இன்சர்ட்' என்று ஒரு சொல் இருக்கும். அதை அழுத்தினால் 'டேபிள்' என்று வரும். டேபிள் என்றால் அட்டவணை. எத்தனை நிரல், எத்தனை நிரை என்று சொன்னால் கட்டம் தானே வந்து நிற்கும்.

கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில் படிக்கிறார்கள். அங்கே இதே வேலைக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. அதில் மேலேயே 'டேபிள்' என்ற சொல் இருக்கும். அதற்குள் 'இன்சர்ட் டேபிள்' இருக்கும். பெயர் கொஞ்சம் மாறும். வேலை ஒன்றுதான்.

முதலில் நான்கு வீட்டை மட்டும் போட்டுப் பழகினாள். அது இப்படி இருந்தது:

வீடு | சேமிப்பு | கடன் தவணை | மொத்தம்
6 | 50 | 200 | 250
7 | 50 | 250 | 300
8 | 50 | 0 | 50
9 | 50 | 150 | 200

தைத்து வைத்த சட்டை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அதன் பெயர் 'டேபிள் ஸ்டைல்'. அட்டவணைப் பாணி என்று சொல்லலாம்.

கடையில் தைத்து வைத்த சட்டை தொங்குகிறது அல்லவா? அளவு பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். துணி வாங்கி, வெட்டி, பட்டன் வைக்க வேண்டியதில்லை. டேபிள் ஸ்டைலும் அப்படித்தான். கோடு, நிறம், தடித்த எழுத்து எல்லாம் சேர்த்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். பிடித்ததை எடுத்து அட்டவணைக்குப் போட வேண்டியதுதான்.

வேர்டில் அட்டவணைக்குள் ஒரு முறை தட்டினால் மேலே 'டேபிள் டிசைன்' என்று ஒரு சொல் தோன்றும். அதை அழுத்தினால் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வரும். ஒவ்வொரு படமும் ஒரு பாணி. படத்தின் மேல் அம்புக்குறியை வைத்தாலே போதும். அட்டவணை அந்தப் பாணியில் மாறிக் காட்டும். பிடித்திருந்தால் அழுத்தலாம். ரைட்டரில் 'டேபிள்' என்ற சொல்லுக்குள் 'ஆட்டோஃபார்மேட் ஸ்டைல்ஸ்' என்று இருக்கும்.

வேர்டில் பாணிகளுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் டிக் போடலாம். நான்கு பெட்டிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் பெட்டி 'ஹெடர் ரோ'. தலைப்பு நிரை என்று பொருள். இதில் டிக் போட்டால் முதல் நிரை தனியாகத் தெரியும். வீடு, சேமிப்பு, கடன் தவணை என்ற தலைப்புகள் எடுப்பாக நிற்கும்.

இரண்டாவது பெட்டி 'டோட்டல் ரோ'. மொத்த நிரை என்று பொருள். கடைசி நிரை தனியாகத் தெரியும்.

மூன்றாவது பெட்டி 'பேண்டட் ரோஸ்'. பட்டை போட்ட நிரைகள் என்று பொருள். ஒரு நிரை வெள்ளை, அடுத்த நிரை லேசான நிறம், மறுபடி வெள்ளை என்று வரும். பெரியம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவது இந்தப் பெட்டிதான். நிறப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கண் குறுக்கே போகும். பக்கத்து நிரைக்கு வழுக்காது. காகிதத்திலேயே அடிக்கோலைப் பதித்து வைத்தது மாதிரி.

நான்காவது பெட்டி 'ஃபர்ஸ்ட் காலம்'. முதல் நிரல் என்று பொருள். வீட்டு எண் தடித்த எழுத்தில் தெரியும். தன் வீடு எது என்று தேடுபவருக்கு உதவும்.

கையாலேயே ஒவ்வொரு கட்டமாக நிறம் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். ஆனால் நடுவில் ஒரு புது வீடு சேர்ந்தால் என்ன ஆகும்? வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை வரும். பட்டை வரிசை கெடும். எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும். பாணி போட்ட அட்டவணையில் புது நிரை சேர்த்தால் பட்டை தானாக வரிசை மாறிக்கொள்ளும்.

கணக்கு ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனால் இன்னொரு சங்கடம் வரும். இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இருக்காது. எது சேமிப்பு, எது கடன் என்று தெரியாது. அதற்கு 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' என்று ஒரு வசதி உண்டு. வேர்டில் 'டேபிள் டிசைன்' பக்கத்தில் 'லேஅவுட்' என்று இருக்கும். அதற்குள் இது இருக்கும். தலைப்பு நிரையில் வைத்து இதை அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போதும் யோசிக்க வேண்டும். திரையில் கருநீலப் பட்டை கம்பீரமாக இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் எழுத்து மூழ்கிப் போகும். மையும் வீணாகும். லேசான சாம்பல் நிறப் பட்டை போதும். வயதானவர் கண்ணுக்கு எழுத்து கறுப்பாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும்.

தலைப்பைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவது இன்னும் நல்லது. அயல்கூட்டத்துப் பெண்கள் தமிழில் படிப்பார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தில் படிப்பார்கள். எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பாணி கணக்குப் போடாது

கதைக்குத் திரும்புவோம். அந்தப் பெண் நான்கு பெட்டியிலும் டிக் போட்டாள். அட்டவணை பளிச்சென்று இருந்தது. ஆனால் ஒரு விநோதம். ஒன்பதாம் வீட்டின் நிரை தனியாக, தடித்த எழுத்தில் நின்றது. பார்ப்பவருக்கு 200 ரூபாய்தான் கூட்டத்தின் மொத்தப் பணம் என்று தோன்றியது!

ஏன் அப்படி? அவள் மொத்த நிரை எழுதவே இல்லை. 'டோட்டல் ரோ' பெட்டி கூட்டல் போடாது. கடைசி நிரை எதுவோ, அதற்கு மொத்தம் என்று வேடம் போட்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. தலைப்பு எழுதாமல் 'ஹெடர் ரோ' போட்டாலும் இப்படித்தான். முதல் வீட்டுக்காரர் தலைப்பாகி விடுவார்.

அவள் கீழே இன்னொரு நிரை சேர்த்தாள். மொத்தம் என்று எழுதினாள். கூட்டல் போட வேர்டில் 'ஃபார்முலா' என்று ஒரு வழி உண்டு. அதுவும் 'லேஅவுட்' உள்ளேதான் இருக்கிறது. அது மேலே உள்ள எண்களைக் கூட்டித் தரும். சேமிப்பு 200. கடன் தவணை 600. மொத்தம் 800. சரியாக வந்தது.

பிறகு அவள் அம்மாவின் நோட்டைப் பார்த்தாள். ஆறாம் வீடு கட்டிய தவணை 200 இல்லை, 300. உடனே திருத்தினாள். அந்த நிரையின் மொத்தத்தையும் 350 என்று மாற்றினாள். அச்செடுத்தாள். பெரியம்மாவிடம் ஓடினாள்.

"பெரியம்மா, இதைப் பாருங்க. இப்ப உங்க நிரை உங்க கண்ணுக்கே தெரியுதா?"

பெரியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டினார். 7 என்ற எண்ணில் விரலை வைத்தார். பட்டையோடு விரலை நகர்த்தினார். "அம்பது... இருநூத்தி அம்பது... முந்நூறு. சரி." சிரித்தார். விரல் நிற்கவில்லை. கடன் தவணை நிரலில் மேலிருந்து கீழே இறங்கியது.

"முந்நூறும் இருநூத்தி அம்பதும் ஐந்நூத்தி அம்பது. எட்டாம் வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. நூத்தி அம்பது சேர்த்தா எழுநூறு. நீ அறுநூறுன்னு போட்டிருக்கியே தாயி?"

அந்தப் பெண் திகைத்தாள். பெரியம்மா சொன்னது சரி. மொத்தமும் 800 இல்லை, 900. காரணம் என்ன? வேர்டில் மேலே உள்ள எண்ணைத் திருத்தினாலும் கூட்டல் உடனே மாறாது. பழைய விடை அப்படியே நிற்கும். விடையைத் தேர்ந்தெடுத்து 'எஃப் 9' என்ற பட்டனை அழுத்தினால்தான் புதிய விடை வரும். அவள் அழுத்தவில்லை.

வாழ்நாள் முழுவதும் கொழுந்து எடை கேட்டு மனதிலேயே கூட்டிப் பழகியவர் பெரியம்மா. கம்ப்யூட்டர் விட்டதை அவர் பிடித்துவிட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோணல் மாணலான பழைய காகிதத்தில் அவரால் இதைப் பிடித்திருக்க முடியாது. அட்டவணை தெளிவாக இருந்ததால் அவரே படித்தார். அவரே படித்ததால் தவறு தெரிந்தது.

தாய்மார்களே, இந்தப் பேச்சின் சாரம் இதுதான். நல்ல அட்டவணை கணக்கைச் சரியாக்காது. கணக்கு சரியா என்று எல்லோரும் பார்க்கும்படி செய்யும். பளபளப்பான காகிதம் என்பதற்காக நம்பிவிடக் கூடாது. தெளிவாக இருக்கிறது என்பதற்காகச் சரிபார்க்க வேண்டும்.

சம்பளச் சீட்டும் அட்டவணைதான்

இது அயல்கூட்டத்தோடு முடியவில்லை. சம்பளச் சீட்டும் அட்டவணைதான். வேலை செய்த நாள், அன்றாடக் கூலி, கூடுதல் கொழுந்துக்கான பணம், பி.எஃப். பிடித்தம், மற்றப் பிடித்தம், கையில் தரும் பணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகினால் போதாது. விரல் வைத்துப் படிக்க வேண்டும். நாள் சரியா? பிடித்தம் எதற்கு? புரியாத கட்டத்தைக் காட்டிக் கேட்கலாம்.

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்தது. பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடின. சம்பளப் பாக்கிக்கும், பி.எஃப். பணத்துக்கும், கிராஜுவிட்டிக்கும் தொழிலாளிகள் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் எத்தனை ஆண்டு வேலை, எவ்வளவு பிடித்தம் என்று கேள்வி வரும். கையில் சீட்டு இருப்பவர் கட்டத்தைக் காட்டிப் பேசலாம். அதனால் சீட்டைப் படியுங்கள். படித்துப் பத்திரமாக வையுங்கள்.

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்தவர் மந்திரி இல்லை. புதிதாக எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மா. 2002-இல் மலப்புறத்தில் அக்ஷயா மையங்கள் தொடங்கி, கம்ப்யூட்டர் கிராமத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். எழுத்து வந்தது. கம்ப்யூட்டரும் வந்தது. அவற்றை வைத்து நம் கணக்கை நாமே பார்ப்பதுதான் அடுத்த படி.

கடைசியாகச் சில வார்த்தைகள். மறக்காமல் இருக்கச் சுருக்கமாகச் சொல்லலாம்.

இடைவெளி தட்டிக் கணக்கு எழுத வேண்டாம். கட்டம் போடுங்கள்.
தலைப்பு எழுதுங்கள். மொத்தம் எழுதுங்கள். பிறகு பாணி போடுங்கள்.
நிரைகளுக்கு லேசான பட்டை போடுங்கள். கண் வழுக்காது.
எண்ணைத் திருத்தினால் கூட்டலையும் திருத்துங்கள்.
அச்சான பிறகு ஒருவர் வாசிக்க, மற்றவர் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் சுவரில் உள்ள காலண்டரை ஒரு முறை பாருங்கள். தலைப்பு எது, நிரை எது, நிரல் எது என்று விரல் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ள பிள்ளைக்கும் காட்டுங்கள். அடுத்த வாரம் அயல்கூட்டக் கணக்கு வாசிக்கும்போது, "அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் கொடு தாயி, என் நிரையை நானே பார்க்கிறேன்" என்று கை நீட்டுங்கள்.

நம் நிரையை நாமே படிப்போம். நம் கணக்கை நாமே காப்போம்.